பாட்காஸ்ட் கேட்டால் நன்றாகப் பாடம் நடத்த முடியுமா? ஆசிரியர்களின் காதோரப் பயிற்சி: பலன் எங்கே, சிக்கல் எங்கே?

பள்ளியில் ஒரே ஒரு ஆசிரியர். அவருக்கு பயிற்சி வகுப்பு என்று அழைப்பு வருகிறது. அவர் பயிற்சிக்குப் போனால் அன்றைக்கு பள்ளியை யார் பார்த்துக்கொள்வது?

இது எங்கோ ஒரு மலை கிராமத்தின் பிரச்னை மட்டும் இல்லை. மத்திய கல்வி அமைச்சகத்தின் 2024-25 கல்வியாண்டு புள்ளிவிவரப்படி, இந்தியாவில் ஆசிரியர் எண்ணிக்கை முதல் முறையாக 1 கோடியைத் தாண்டியது. ஆனால் அதே புள்ளிவிவரத்தில்தான், 1.04 லட்சம் பள்ளிகள் ஓராசிரியர் பள்ளிகளாக இருப்பதும் தெரியவந்தது. அந்தப் பள்ளிகளில் 33 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் படிக்கிறார்கள்.

ஆசிரியருக்கு பயிற்சி வேண்டும். அதற்காக வகுப்பறை காலியாகவும் கூடாது. இந்த இடத்தில்தான் பாட்காஸ்ட் என்ற யோசனை வருகிறது. பேருந்தில் போகும்போதும், சமையல் செய்யும்போதும், நடைப்பயிற்சியின்போதும் காதில் போட்டுக்கொண்டு கேட்கலாம். செலவு இல்லை, லீவு வேண்டாம், பயணப்படி வேண்டாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காதில் கேட்டது கரும்பலகை வரை போய்ச் சேருமா? விரிவாகப் பார்ப்போம்.

பாட்காஸ்ட் என்றால் என்ன?

எளிமையாகச் சொன்னால், நமக்கு நேரம் கிடைக்கும்போது கேட்டுக்கொள்ளும் வானொலி நிகழ்ச்சி. வானொலியில் காலை 8 மணிக்கு ஒலிபரப்பானால் 8 மணிக்குத்தான் கேட்க முடியும். பாட்காஸ்ட்டை செல்போனில் டவுன்லோடு செய்து வைத்துக்கொண்டு, இரவு 10 மணிக்குக்கூட கேட்கலாம். பாதியில் நிறுத்தலாம், புரியாத இடத்தை திரும்பப் போட்டுக் கேட்கலாம்.

2004 பிப்ரவரியில் பிரிட்டனின் 'தி கார்டியன்' நாளிதழில் பென் ஹாமர்ஸ்லி என்ற பத்திரிகையாளர் எழுதிய கட்டுரையில்தான் இந்தச் சொல் முதலில் அச்சில் வந்தது. 'ஐபாட்', 'பிராட்காஸ்ட்' என்ற இரண்டு சொற்களையும் சேர்த்த கலவை அது. 2005 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் தன்னுடைய ஐடியூன்ஸ் மென்பொருளில் பாட்காஸ்ட் வசதியைக் கொண்டுவந்தது. அதன்பிறகு உலகம் முழுக்கப் பரவியது. 2022இல் ஐபாட் உற்பத்தியே நின்றுவிட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

டேட்டா செலவும் பெரிய பிரச்னை இல்லை. பேச்சு மட்டும் உள்ள 30 நிமிட நிகழ்ச்சியை 64 கே.பி.பி.எஸ். தரத்தில் பதிவு செய்தால், கோப்பின் அளவு சுமார் 14 எம்.பி.தான். அதே 30 நிமிட வீடியோவுக்கு இதைப்போல பல மடங்கு டேட்டா தேவைப்படும். சிக்னல் சரியாகக் கிடைக்காத ஊரில் வேலை பார்க்கும் ஆசிரியருக்கு இது பெரிய வித்தியாசம்.

இருக்கும் பயிற்சிகள் போதாதா?

பயிற்சிகளுக்குப் பஞ்சம் இல்லை. 2017 செப்டம்பரில் 'தீக்ஷா' இணையதளம் தொடங்கப்பட்டது. 2019இல் 'நிஷ்தா' என்ற பெயரில், தொடக்கக் கல்வி நிலையில் சுமார் 42 லட்சம் பேருக்குப் பயிற்சி தரும் திட்டம் வந்தது. கொரோனா காலத்தில் அந்தப் பயிற்சி தீக்ஷா வழியாக ஆன்லைனுக்கு மாறியது. தமிழ்நாட்டில் 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்துக்காக தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குப் பருவந்தோறும் பயிற்சி நடக்கிறது. குறுவள மையக் கூட்டங்கள் தனி.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஒவ்வொரு ஆசிரியரும் ஆண்டுக்கு குறைந்தது 50 மணி நேரம் தொழில்சார் மேம்பாட்டுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அந்தக் கொள்கையை தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில் தனக்கென மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. ஆனால் பயிற்சி தொடர்ந்து நடக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மாநில அளவில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் வழியாக மாவட்ட அளவில் சிலருக்கு, அங்கிருந்து வட்டார வள மையத்துக்கு, கடைசியில் ஆசிரியருக்கு என்று பயிற்சி படிப்படியாக இறங்கி வருகிறது. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கரைகிறது. கடைசியில் வந்து சேர்வது சில நேரம் பவர்பாயின்ட் ஸ்லைடும் வருகைப் பதிவும் மட்டும்தான்.

"டிரெய்னிங்ல சொல்றது எல்லாம் சரிதான். என் கிளாஸ்ல மூணு வகுப்புப் பிள்ளைங்க ஒண்ணா உட்கார்ந்திருக்காங்களே, அதுக்கு என்ன பண்றது?" இந்தக் கேள்வியை ஆசிரியர்கள் ஓய்வறையில் கேட்காத ஆசிரியர் இருக்க மாட்டார். ஊருக்கெல்லாம் ஒரே பயிற்சி என்றால், தன்னுடைய வகுப்புக்கான பதில் அதில் கிடைப்பது அபூர்வம்.

பாட்காஸ்ட்டின் முதல் பலம் இங்கேதான். என்ன கேட்பது, எப்போது கேட்பது என்பதை ஆசிரியரே முடிவு செய்கிறார். பின்னத்தில் தடுமாறும் மாணவர்களுக்கு என்ன செய்யலாம் என்று தேடுபவர், அதையே கேட்கலாம். பாடம் சொல்லித்தரும் இன்னொருவர் தன் வகுப்பில் என்ன செய்தார் என்பதை, நடுவில் எந்தப் படியும் இல்லாமல் அவர் குரலிலேயே கேட்க முடிகிறது.

கணக்கு ஆசிரியரை மாற்றிய பேட்டிகள்

இதற்கு நல்ல உதாரணம் இங்கிலாந்தின் கிரெய்க் பார்ட்டன். கணித ஆசிரியரான இவர், கல்வி ஆய்வாளர்களையும் சக ஆசிரியர்களையும் பேட்டி எடுத்து 'மிஸ்டர் பார்ட்டன் மேத்ஸ்' என்ற பெயரில் பாட்காஸ்ட்டாக வெளியிட்டு வந்தார். டிலன் வில்லியம் போன்ற, வகுப்பறை மதிப்பீட்டில் உலக அளவில் அறியப்பட்ட ஆய்வாளர்களும் அதில் பேசினார்கள்.

பேட்டி எடுக்கப் போனவர் தானே மாணவராகிவிட்டார். 12 ஆண்டுகளாக தான் பாடம் நடத்திய முறையில் பல விஷயங்களை மாற்ற வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். ஆய்வுகளிலிருந்தும் இந்த உரையாடல்களிலிருந்தும் கற்றதையெல்லாம் தொகுத்து 2018இல் 'ஹவ் ஐ விஷ் ஐ'ட் டாட் மேத்ஸ்' என்ற புத்தகமாக எழுதினார். கணக்கை இப்படி நடத்தியிருக்கலாமே என்ற ஆதங்கம்தான் அந்தத் தலைப்பு.

அவர் சொல்லும் உத்திகள் பெரிய செலவு பிடிப்பவை இல்லை. ஒன்றைப் பாருங்கள். கரும்பலகையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். இடது பக்கம் ஒரு கணக்கை ஆசிரியர் போட்டுக்காட்டுவார். முதலில் எதுவும் பேசாமல், அமைதியாக ஒவ்வொரு வரியாக எழுதுவார். மாணவர்கள் பார்ப்பார்கள். அதன்பிறகுதான் ஏன் இப்படிச் செய்தேன் என்ற விளக்கம். உடனே வலது பக்கம் அதே மாதிரியான இன்னொரு கணக்கு. அதை மாணவர்கள் போட வேண்டும்.

எழுதுவதைப் பார்ப்பதும் பேசுவதைக் கேட்பதும் ஒரே நேரத்தில் நடந்தால், புதிதாகக் கற்கும் குழந்தைக்கு கவனம் சிதறும் என்பதுதான் இதன் பின்னணி. இதைக் கேட்ட ஒரு கணக்கு ஆசிரியர் மறுநாள் காலை முதல் பீரியடிலேயே செய்து பார்க்கலாம். சாக்பீஸ் இருந்தால் போதும்.

அமெரிக்காவை உலுக்கிய 'சோல்ட் எ ஸ்டோரி'

பார்ட்டன் கதையில் மாறியது ஒரு ஆசிரியர். இன்னொரு பாட்காஸ்ட், நாடு முழுக்க ஒரு விவாதத்தையே கிளப்பிவிட்டது.

2022 அக்டோபரில் அமெரிக்காவில் 'சோல்ட் எ ஸ்டோரி' என்ற பாட்காஸ்ட் தொடர் வெளியானது. தயாரித்தவர் பத்திரிகையாளர் எமிலி ஹேன்ஃபோர்ட். அவர் எழுப்பிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இத்தனை அமெரிக்கக் குழந்தைகளுக்கு ஏன் வாசிக்க வரவில்லை?

அங்கே பல பள்ளிகளில் ஒரு வழக்கம் இருந்தது. தெரியாத சொல் வந்தால், படத்தைப் பார், வாக்கியத்தின் போக்கைப் பார், முதல் எழுத்தைப் பார், பிறகு என்ன சொல்லாக இருக்கும் என்று யோசித்துச் சொல் என்று குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை முறையாகச் சொல்லித்தருவது பின்னுக்குப் போனது. எழுத்து-ஒலித் தொடர்பை முறையாகக் கற்றுக்கொடுப்பது பலன் தரும் என்று அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000ஆம் ஆண்டிலேயே அறிக்கை கொடுத்திருந்தது. அப்படியிருந்தும் பழைய முறையில் எழுதப்பட்ட பாடப்பொருட்கள் தொடர்ந்து விற்பனையாகின என்பதுதான் அந்தத் தொடரின் குற்றச்சாட்டு.

விளைவு வேகமாக இருந்தது. பல மாநிலங்களில் வாசிப்பு கற்பித்தல் தொடர்பான சட்ட விவாதங்களில் இந்தத் தொடரின் பெயர் அடிபட்டது. விமர்சனத்துக்கு உள்ளானவர்களில் ஒருவரான லூசி கால்கின்ஸ் தலைமையில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் இயங்கிய வாசிப்பு, எழுத்துத் திட்டத்தை அந்தக் கல்லூரி 2023இல் மூடியது.

எதிர்ப்பும் வந்தது. தொடர் ஒருதலைப்பட்சமாக இருக்கிறது, சிக்கலான விஷயத்தை சுருக்கிச் சொல்கிறது என்று கல்வியாளர்களும் எழுத்தாளர்களுமாக 58 பேர் கூட்டாகக் கடிதம் எழுதினார்கள். யார் பக்கம் நியாயம் என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

ஆனால் ஒன்று தெளிவானது. ஆய்வு இதழ்களிலும் அரசு அறிக்கைகளிலும் 20 ஆண்டுகளாக இருந்த ஒரு செய்தி, குரலாக, கதையாக வந்தபோதுதான் பல ஆசிரியர்களின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது.

பாட்காஸ்ட் இல்லாமலே மாறிய மிசிசிப்பி

இந்த இடத்தில் ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனிக்க வேண்டும். காதுக்குப் போய்ச் சேர்வது வேறு, குழந்தைக்கு வாசிக்க வருவது வேறு.

அமெரிக்காவின் ஏழை மாநிலங்களில் ஒன்று மிசிசிப்பி. 4ஆம் வகுப்பு மாணவர்களுக்கான தேசிய வாசிப்புத் தேர்வில் 2013இல் அந்த மாநிலத்துக்கு 49வது இடம். 2019இல் தேசிய சராசரியை எட்டியது. 2024இல் 9வது இடத்துக்கு வந்துவிட்டது. 'சோல்ட் எ ஸ்டோரி' வெளியானது 2022இல். மிசிசிப்பியின் மாற்றம் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது.

அங்கே என்ன செய்தார்கள்? 2013இல் சட்டம் கொண்டுவந்தார்கள். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு வாசிப்பு எப்படி நடக்கிறது என்பது பற்றி நீண்ட பயிற்சி கொடுத்தார்கள். அதோடு விடவில்லை. பின்தங்கிய பள்ளிகளுக்கு மாநிலக் கல்வித் துறையே பயிற்றுநர்களை அனுப்பியது. அவர்கள் வகுப்பறையில் ஆசிரியரோடு இருந்து, பாடம் நடத்துவதைப் பார்த்து, எங்கே மாற்றலாம் என்று சொன்னார்கள். 3ஆம் வகுப்பு முடிவில் வாசிக்க வராத குழந்தையை அதே வகுப்பில் நிறுத்தி வைக்கும் விதியும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. அது இன்றுவரை சர்ச்சைக்குரியது.

மொத்தத்தில், பாட்காஸ்ட் ஆசிரியரின் மனதில் ஒரு கேள்வியை எழுப்பும். அந்தக் கேள்வியை வகுப்பறையில் பதிலாக மாற்ற, பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

7 அம்சங்களில் பாட்காஸ்ட்டுக்கு எத்தனை?

இதை ஆய்வுகளும் சொல்கின்றன. 2017இல் அமெரிக்காவின் 'லேர்னிங் பாலிசி இன்ஸ்டிடியூட்', பலன் தந்த ஆசிரியர் பயிற்சிகள் பற்றிய 35 ஆய்வுகளை எடுத்து ஆராய்ந்தது. லிண்டா டார்லிங்-ஹாமண்ட் தலைமையிலான குழு அது. நல்ல பயிற்சியில் பொதுவாக 7 அம்சங்கள் இருப்பதாக அவர்கள் சொன்னார்கள்.

1. பொதுவான உபதேசமாக இல்லாமல், நடத்தும் பாடத்தோடு தொடர்பு இருக்க வேண்டும்.
2. ஆசிரியர் தானே செய்து பார்த்துக் கற்க வேண்டும்.
3. சக ஆசிரியர்களோடு சேர்ந்து கற்க வேண்டும்.
4. நல்ல வகுப்பு எப்படி இருக்கும் என்ற மாதிரி கண்முன் இருக்க வேண்டும்.
5. அனுபவசாலி ஒருவரின் வழிகாட்டல் வேண்டும்.
6. செய்தது எப்படி இருந்தது என்று யாராவது சொல்ல வேண்டும், ஆசிரியரும் யோசிக்க வேண்டும்.
7. ஒரு நாள் கூத்தாக இல்லாமல், தொடர்ந்து நடக்க வேண்டும்.

இதில் பாட்காஸ்ட் எத்தனை மதிப்பெண் வாங்கும்? முதல் அம்சம் கிடைக்கும். வாரா வாரம் கேட்டால் ஏழாவதும் ஓரளவு கிடைக்கும். நான்காவது பாதிதான், ஏனென்றால் காதால் கேட்கலாம், கண்ணால் பார்க்க முடியாது. மீதி நான்கும் பாட்காஸ்ட்டில் இல்லை. அவை பள்ளியில்தான் இருக்கின்றன. அதாவது, தனியாக இயர்போன் மாட்டிக் கேட்டால் பாதிக்கும் குறைவான பலன். சக ஆசிரியரோடு பேசி, வகுப்பில் செய்து பார்த்தால்தான் மீதியும் சேரும்.

காதால் கேட்பதில் இருக்கும் சிக்கல்கள்

கேட்டது நிற்காது: புத்தகத்தில் புரியாத வரியில் கண் தானாக நின்றுவிடும். பேச்சு நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். காற்றில் வந்து காற்றில் போகும் தகவலை மனதில் பிடித்து வைப்பது கடினம் என்று கற்றல் பற்றிய ஆய்வுகள் சொல்கின்றன. பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டால் இன்னும் கடினம். பெயர்கள், அனுபவங்கள் நினைவில் இருக்கும். படிப்படியான செய்முறை இருக்காது.

புரிந்துவிட்ட மாதிரி தோன்றும்: நன்றாகப் பேசும் ஒருவரைக் கேட்டால், 'ஆமாம்ல, இது நமக்குத் தெரிஞ்சதுதான்' என்று தோன்றும். அதைத் தன் வார்த்தையில் ஒரு நிமிடம் சொல்லிப் பார்த்தால்தான் எவ்வளவு புரிந்தது என்று தெரியும்.

தவறான தகவலும் இனிமையாக வரும்: ஒரு குழந்தை பார்த்துக் கற்கும், இன்னொரு குழந்தை கேட்டுக் கற்கும், அந்தந்த வகைக்கு ஏற்றமாதிரி பாடம் நடத்தினால் நன்றாகப் படிக்கும் என்ற கருத்து பல பயிற்சிகளில் சொல்லப்படுகிறது. 2008இல் ஹெரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட உளவியல் ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து, அப்படி வகை பிரித்து நடத்தினால் பலன் அதிகம் என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று சொன்னார்கள். ஆனாலும் அந்தக் கருத்து ஓயவில்லை. பாட்காஸ்ட்டை சரிபார்க்க பாடநூல் குழு கிடையாது. பேசுபவர் ஏதாவது செயலியையோ பயிற்சியையோ விற்கிறாரா என்பதையும் கேட்பவர்தான் கவனிக்க வேண்டும்.

எல்லோராலும் கேட்க முடியாது: செவித்திறன் குறைபாடு உள்ள ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பேச்சு முழுவதையும் எழுத்து வடிவிலும் கொடுக்காத பாட்காஸ்ட், அவர்களை வெளியே நிறுத்திவிடுகிறது. மறுபக்கம், பார்வைத்திறன் குறைபாடு உள்ள ஆசிரியர்களுக்கு ஒலி வடிவம் பெரிய உதவி.

அங்கே சொன்னதை இங்கே அப்படியே செய்யலாமா?

கூடாது. 'சோல்ட் எ ஸ்டோரி'யையே எடுத்துக்கொள்வோம். அது ஆங்கில வாசிப்பு பற்றியது. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்குப் பல ஒலி, ஒரே ஒலிக்குப் பல எழுத்து. தமிழ் அப்படி இல்லை. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் நேரானது. ஆனால் தமிழுக்கு வேறு சுமை இருக்கிறது. 247 எழுத்துகள். கொம்பு, கால், சுழி, விசிறி எங்கே வரும் என்று பழக வேண்டும். 'கடல்', 'தங்கம்' என்ற சொற்களில் ஒரே 'க' வேறு வேறாக ஒலிக்கும்.

அதனால் அமெரிக்கத் தீர்வை அப்படியே கொண்டுவர முடியாது. ஆனால் அந்தக் கேள்வியைக் கொண்டுவரலாம். பாடநூலில் ஒரு படம். கீழே 'பட்டம்' என்று எழுதியிருக்கிறது. குழந்தை சட்டென்று 'காத்தாடி' என்கிறது. ஆசிரியர் 'சரி' என்று அடுத்த பக்கத்துக்குப் போகலாம். பொருள் சரிதான். ஆனால் அந்தக் குழந்தை எழுத்தைப் படிக்கவில்லை, படத்தைப் படித்திருக்கிறது. 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் அரும்பு நிலையில் இருக்கும் குழந்தை மொட்டு நிலைக்குப் போகாமல் நிற்பதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாமே என்று ஆசிரியர் யோசிக்கத் தொடங்கினால், பாட்காஸ்ட் தன் வேலையைச் செய்துவிட்டது. படத்தைக் கையால் மறைத்துவிட்டு, 'இப்ப படி பார்ப்போம்' என்று சொல்வது ஆசிரியரின் வேலை.

மொழியும் ஒரு தடை. ஆசிரியர்களுக்கான பிரபல பாட்காஸ்ட்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. 25 பேர் இருக்கும் வகுப்பு, ஏசி அறை, உதவி ஆசிரியர் என்று அவர்கள் சொல்லும் சூழலும் வேறு.

குரல் வழிப் பயிற்சி இந்தியாவுக்குப் புதிதா?

இல்லை. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு, நாசாவின் செயற்கைக்கோளைக் கடன் வாங்கி 6 மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களுக்கு இஸ்ரோ தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை வழங்கியது. 'சைட்' என்ற அந்தச் சோதனையில் சுமார் 50,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் பயிற்சியும் கொடுக்கப்பட்டது. டி.வி.யை மட்டும் பார்க்கச் சொல்லவில்லை. வானொலி, அச்சுக் கையேடு, நேரில் செய்முறை என எல்லாவற்றையும் சேர்த்தார்கள்.

சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் 'அண்ணா எஃப்.எம்.' 2004 பிப்ரவரியில், நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலியாகத் தொடங்கியது. 2019 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசின் கல்வித் தொலைக்காட்சி வந்தது. கருவி மாறிக்கொண்டே வருகிறது. கேட்டதோடு செய்து பார்ப்பதையும் சேர்க்க வேண்டும் என்ற பாடம் 50 ஆண்டுகளாக மாறவில்லை.

சரி, எப்படிக் கேட்டால் பலன் கிடைக்கும்?

டிலன் வில்லியம் நீண்ட காலமாகச் சொல்லி வருவது இது: சிறிய குழுவாகச் சேருங்கள், மாதம் ஒருமுறை சந்தியுங்கள், ஒவ்வொருவரும் ஒரு சின்ன மாற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு செய்து பாருங்கள், அடுத்த மாதம் வந்து என்ன நடந்தது என்று சொல்லுங்கள். இதையே பாட்காஸ்ட்டுக்கும் பொருத்திக்கொள்ளலாம்.

முதல் வாரம் - கேளுங்கள்: மூன்று நான்கு ஆசிரியர்கள் ஒரே பகுதியைக் கேட்க வேண்டும். 20 நிமிடம் போதும். தேர்வு செய்யும்போது, 'என் வகுப்பில் இப்போது எது நடக்கவில்லை?' என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள். பிரபலமான நிகழ்ச்சி என்பதற்காகக் கேட்க வேண்டாம்.

இரண்டாவது வாரம் - பேசுங்கள்: மதிய உணவு இடைவேளையில் 15 நிமிடம். அவர் என்ன சொன்னார்? அதற்கு என்ன ஆதாரம் காட்டினார்? நம் பிள்ளைகளுக்கு இதில் எது பொருந்தாது? மூன்றாவது கேள்விதான் முக்கியம். ஓராசிரியர் பள்ளி என்றால், பக்கத்து ஊர் ஆசிரியரோடு போனில் பேசலாம்.

மூன்றாவது வாரம் - செய்து பாருங்கள்: ஒரே ஒரு மாற்றம், ஒரு வகுப்பில், ஒரு பாடத்தில். நோட்டில் இரண்டு வரி எழுதி வையுங்கள். 'நன்றாக இருந்தது' என்று பொதுவாக எழுத வேண்டாம். 'படத்தை மறைத்தபோது 12 பேரில் 5 பேர் தவறாகப் படித்தார்கள்' என்று எழுதினால்தான் அடுத்து என்ன செய்வது என்று தெரியும்.

நான்காவது வாரம் - சொல்லுங்கள்: நடந்ததை மற்றவர்களிடம் சொல்லுங்கள். முடிந்தால் ஒருவர் வகுப்பை இன்னொருவர் 10 நிமிடம் பின்பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். குறுவள மையக் கூட்டத்தில் இதற்கென அரை மணி நேரம் ஒதுக்கினால், ஆசிரியர் பயிற்றுநரும் சேர்ந்துகொள்ள முடியும்.

மாதத்துக்கு 20 நிமிடம்தான் கேட்கிறோம், இது போதுமா என்று தோன்றலாம். வாரம் நான்கு நிகழ்ச்சி கேட்டு எதையும் செய்யாமல் விடுவதைவிட, மாதம் ஒன்றைக் கேட்டு ஒன்றைச் செய்வது மேல்.

ஆசிரியர்களே தமிழில் தயாரிக்க முடியுமா?

முடியும். ஸ்டூடியோ தேவையில்லை. செல்போனும், மின்விசிறி அணைத்த ஒரு சின்ன அறையும் போதும். துணிகள் தொங்கும் அறை என்றால் எதிரொலி குறையும். 10 முதல் 15 நிமிடம், ஒரே ஒரு பிரச்னை, அதற்கு வகுப்பில் செய்து பார்த்த ஒரு வழி, அது எங்கே சரியாக வரவில்லை என்ற உண்மை. இவ்வளவு இருந்தால் நல்ல நிகழ்ச்சி தயார். பர்கூர் மலையில் பாடம் நடத்துபவர் பேசுவதை வால்பாறையில் பாடம் நடத்துபவர் கேட்டால், எந்த வெளிநாட்டு நிகழ்ச்சியும் தர முடியாத நெருக்கம் அதில் இருக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். மாணவரின் பெயர், ஊர், குடும்பச் சூழல் எதுவும் வரக் கூடாது. மாணவரின் குரலைப் பதிவு செய்வதானால் பெற்றோரின் சம்மதம் அவசியம். அரசுப் பள்ளி ஆசிரியர்கள், பொதுவெளியில் வெளியிடும் முன் துறை விதிகளைப் பார்த்து, தேவையான அனுமதியைப் பெற்றுக்கொள்வது நல்லது.

கட்டாயமாக்கினால் என்ன ஆகும்?

இதுதான் கடைசிக் கேள்வி, பயப்பட வேண்டிய கேள்வியும்கூட. பாட்காஸ்ட் மலிவானது. அதனால் நேரடிப் பயிற்சிக்கான நிதியைக் குறைத்துவிட்டு, 'இந்த 10 நிகழ்ச்சியைக் கேட்டு சான்றிதழ் டவுன்லோடு செய்யுங்கள்' என்று உத்தரவு போடுவது நிர்வாகத்துக்கு எளிது. அப்படி ஒரு நாள் வந்தால், செல்போன் மேசையில் தானாக ஓடிக்கொண்டிருக்கும். ஆசிரியர் பக்கத்தில் வேறு பதிவேடு எழுதிக்கொண்டிருப்பார். கேட்ட நேரம் கணக்கில் ஏறும். கற்றது எதுவும் இருக்காது.

இன்னொன்றும் உண்டு. பேருந்திலும் சமையலறையிலும் கேட்கலாம் என்பது வசதிதான். ஆனால் பயிற்சி என்பது பணியின் ஒரு பகுதி. அதை முழுக்க ஆசிரியரின் சொந்த நேரத்துக்குத் தள்ளிவிடுவது நியாயமில்லை. குறிப்பாக, வீட்டு வேலையும் சேர்ந்தே சுமக்கும் பெண் ஆசிரியர்களுக்கு அந்த அரை மணி நேரம்தான் கிடைக்கும் ஓய்வாக இருக்கலாம். விருப்பப்பட்டுக் கேட்பவருக்கு பள்ளி நேரத்திலேயே பேசுவதற்கும் செய்து பார்ப்பதற்கும் இடம் கொடுப்பதுதான் நிர்வாகம் செய்யக்கூடிய உண்மையான உதவி.

ஓராசிரியர் பள்ளிக்கு பாட்காஸ்ட் இன்னொரு ஆசிரியரைக் கொண்டுவராது. ஆனால் தனியாக நிற்கும் ஆசிரியரின் காதில், இதே வேலையைச் செய்யும் இன்னொருவரின் குரலைக் கொண்டுவந்து சேர்க்கும். கேட்ட குரலோடு பேசவும், கேட்டதைச் செய்து பார்க்கவும் வழி செய்தால், அது பயிற்சி. அந்த வழி இல்லையென்றால், அது பேருந்துப் பயணத்தில் பொழுதுபோக மட்டுமே உதவும்.